இன்னொருவர் மலம் நம் வயிற்றுக்கு மருந்தாகுமா?

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவற்றை நீக்கி, வாசிக்க ஏற்றபடி திருத்தியிருக்கிறோம்.)

சாப்பிட்டுக்கொண்டே நம்ம பாட்காஸ்ட் கேட்கிற பழக்கம் உள்ளவர்கள், இன்றைக்கு மட்டும் முதலில் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

போன மாதம் வந்த ஒரு வாய்ஸ் மெசேஜிலிருந்து தொடங்குகிறேன். திருவாலங்காட்டிலிருந்து ஒரு நேயர். திருத்தணிப் பக்கம், ரத்தின சபை இருக்கிற அதே திருவாலங்காடுதான். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் பேசியதை அப்படியே தருகிறேன்.

"அண்ணா, நான் டெய்லி திருவாலங்காட்டுல இருந்து அம்பத்தூருக்கு எலக்ட்ரிக் ட்ரெயின்ல வேலைக்குப் போறேன். மூணு வருஷமா வயிறு சரியில்ல. காலையில நாலு வாட்டி போய்ட்டு வந்தாலும் வண்டியில ஏறுனதும் கலக்க ஆரம்பிச்சிடும். அந்த வண்டியில பாத்ரூமும் கிடையாது, உங்களுக்கே தெரியும். கடம்பத்தூர்ல ஒரு தடவை, திருவள்ளூர்ல ரெண்டு தடவை பாதியில இறங்கி ஓடியிருக்கேன். இப்ப காலையில ஒண்ணுமே சாப்பிடாமத்தான் கிளம்பறேன். ஸ்கேன் நார்மல்னு சொல்லி ஐ.பி.எஸ்.னு எழுதிட்டாங்க. இப்ப ஒரு இடத்துல, நல்லா இருக்கறவங்களோட மலத்தை எடுத்து நம்ம குடல்ல வெச்சா சரியாயிடும்னு சொல்றாங்க. லட்சக்கணக்குல ஆகுமாம். வீட்டம்மா நகையை வெச்சிடலாம்ங்கறா. என் தம்பி என்னடான்னா, 'கல்லைத் தின்னாலும் எனக்குச் செரிக்கும், என்னுதை எடுத்துக்கோ, யூடியூப்ல வீடியோ இருக்கு, வீட்லயே பண்ணிக்கலாம்'ங்கறான். சிரிக்காதீங்கண்ணா. பண்ணலாமா?"

நான் சிரிக்கவில்லை. அன்றைக்கே சுருக்கமாகப் பதில் அனுப்பினேன். நகையை வைக்க வேண்டாம், தம்பி பேச்சையும் கேட்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள் என்று. ஆனால் ஏன் வேண்டாம் என்பதை இரண்டு வரியில் சொல்ல முடியாது. ஏனென்றால் அவர் கேட்டது கிறுக்குத்தனமான கேள்வி இல்லை. ஒருவர் மலத்தை இன்னொருவர் குடலுக்குள் வைக்கிற சிகிச்சை நிஜமாகவே இருக்கிறது. ஒரு நோய்க்கு அது பிரமாதமாக வேலை செய்கிறது. இவருக்கு இருக்கிற நோய்க்கு மட்டும், ஓர் ஊரில் செய்த ஆய்வில் வேலை செய்தது என்று வருகிறது, இன்னோர் ஊரில் செய்ததில் இல்லை என்று வருகிறது. அந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இன்றைக்குப் பார்க்கப் போகிறோம். நான் டாக்டர் இல்லை. வெளிவந்த ஆய்வுகளைப் படித்துச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

முதலில் அந்தப் பெயர். ஐ.பி.எஸ். என்றதும் நமக்குப் போலீஸ் அதிகாரிதான் கண்முன் வருவார். இது இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம். தொட்டாற்சிணுங்கிக் குடல் என்று வைத்துக்கொள்ளலாம். அடிவயிற்றில் வலி வரும், மலம் கழித்தால் அந்த வலி குறையும் அல்லது கூடும். கூடவே போக்கு மாறும். சிலருக்கு ஒரு நாளில் பலமுறை, சிலருக்கு நாட்கணக்கில் வராது, சிலருக்கு இரண்டும் மாறி மாறி. உப்புசம் இருக்கும். போய்விட்டு வந்தாலும் முழுசாகப் போன திருப்தி இருக்காது. உள்ளே குழாய் விட்டுப் பார்த்தால் குடல் நன்றாகத்தான் தெரியும். புண் இல்லை, கட்டி இல்லை.

ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை என்பதால், வீட்டில் "எல்லாம் மனசுதான்" என்று சொல்லிவிடுவார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. மலக்குடலுக்குள் சின்ன பலூனை வைத்துக் காற்றடித்துப் பார்க்கிற பரிசோதனை ஒன்று உண்டு. மற்றவர்கள் சும்மா "ஏதோ இருக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்கிற அளவுக் காற்றிலேயே, ஐ.பி.எஸ். உள்ள பலருக்கு வலி வந்துவிடுகிறது. குடலில் இருந்து மூளைக்குப் போகிற நரம்பில் வால்யூம் கூட்டி வைத்த மாதிரி. வலி நிஜம்தான். பதற்றம் அந்த வால்யூமை இன்னும் ஏற்றிவிடும், அதுவும் நிஜம். பாத்ரூம் இல்லாத வண்டியில் கதவு ஓரமாக நின்று அடுத்த ஸ்டேஷனை எண்ணுகிற மனுஷனுக்குப் பதற்றம் வராமல் என்ன செய்யும்?

இந்தியக் குடல்நோய் மருத்துவர்கள் சங்கம் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், நாட்டின் பல இடங்களில் பொதுமக்கள் 4,500 பேரைக் கேட்டிருக்கிறார்கள். 4.2 சதவீதம் பேருக்கு இந்த நோய்க்கான அறிகுறிகள் இருந்தன. நூற்றுக்கு நாலு பேர். அரக்கோணத்திலிருந்து வருகிற காலை வண்டியில் இவர் ஒருவர்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று நினைக்காதீர்கள். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அவரிடம் திரும்பப் பேசியபோது இன்னொன்று தெரிந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண விருந்துக்குப் போய்விட்டு வந்து ஐந்து நாள் பேதி. ஊரில் இன்னும் சிலருக்கும். எல்லாருக்கும் சரியாகிவிட்டது, இவருக்கு மட்டும் வயிறு பழையபடி ஆகவில்லை. இதற்குத் தொற்றுக்குப் பிந்தைய ஐ.பி.எஸ். என்று பெயர். குடல் தொற்று வந்தவர்களில் கிட்டத்தட்ட பத்தில் ஒருவருக்கு இப்படி ஆகிறது. கிருமி போய்விடும், ஆனால் அது கலைத்துப் போட்ட பாக்டீரியாக் கூட்டமும், சீண்டிவிட்ட நரம்பும் சீக்கிரம் அடங்குவதில்லை. கலைந்தது பாக்டீரியா என்றால் அதைத் திரும்ப அடுக்கி வைத்தால் போதுமே என்ற எண்ணம் இங்கிருந்துதான் பிறக்கிறது.

அதற்குள் போவதற்கு முன்னால் ஒரு சின்ன சுற்று. இது சுற்று இல்லை, இன்றைக்கு நான் சொல்ல நினைத்ததில் முக்கியமானதே இதுதான் என்றுகூடச் சொல்லலாம்.

திருவாலங்காட்டிலிருந்து மேற்கே போனால் அரக்கோணம், காட்பாடி, வேலூர். 1960-களின் தொடக்கத்தில் அன்றைய வட ஆற்காடு மாவட்டக் கிராமங்களில் ஒரு விசித்திரமான வயிற்றுப்போக்கு பரவியது. சாதாரண பேதி மாதிரிதான் ஆரம்பிக்கும். பலருக்கு நின்றுவிடும். சிலருக்கு நிற்காது. மாதக்கணக்கில் போகும், உடம்பு இளைக்கும், நாக்கு வெந்து போகும், ரத்தசோகை வரும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டவே ஒட்டாது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் செல்வின் பேக்கர் என்ற மருத்துவரும் வி.ஐ. மாத்தனும் அந்தக் கிராமங்களுக்கே போய் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். 1968-ல் அவர்களுடைய கட்டுரை வந்தது. நோயின் பெயர் டிராபிக்கல் ஸ்புரூ. சிறுகுடலின் உள்பக்கத்தில் சத்தை உறிஞ்சுகிற விரல் மாதிரியான அமைப்புகள் தேய்ந்துபோகிற நோய். டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் சில மாதம் கொடுத்தால் குணமாகும். இன்றைக்கு மைக்ரோபயோம் என்று எல்லாரும் பேசுகிறோமே, 1972-லேயே வேலூர்க்காரர்கள் தென்னிந்தியர்களின் குடலில் என்னென்ன பாக்டீரியா எங்கெங்கே இருக்கின்றன என்று, நல்ல நிலையில் இருப்பவர்களையும் ஸ்புரூ நோயாளிகளையும் ஒப்பிட்டு எழுதிவிட்டார்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், ஸ்புரூ இன்றைக்கு வெகுவாகக் குறைந்துவிட்டது, ஆனால் மறைந்துவிடவில்லை. குடல் காசநோயும் நம்ம ஊரில் இருக்கிறது. பால் செரிக்காத தன்மை தென்னிந்தியாவில் பெரியவர்களில் ரொம்பவே சகஜம். பெருங்குடல் புண் நோய், கோதுமை ஒவ்வாமல் வருகிற சீலியாக் நோய், தைராய்டு கூடுவது, இவையெல்லாமே முதலில் "வயிறு சரியில்ல" என்றுதான் ஆரம்பிக்கும். ஒரு ஸ்கேன் நார்மல் என்பதால் ஐ.பி.எஸ். என்று முடிவு கட்ட முடியாது. வயிற்று ஸ்கேனில் இவற்றில் பாதி தெரியவே தெரியாது.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிற வயிற்றுப்போக்கு, விட்டு விட்டு வருகிற காய்ச்சல், ரத்தசோகை, நாற்பத்தைந்து ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வருகிற தொந்தரவு, குடும்பத்தில் குடல் புற்றுநோய். இதில் ஒன்று இருந்தாலும் ஐ.பி.எஸ். என்ற சீட்டை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது. நம் நேயருக்கு எடை ஆறு கிலோ குறைந்திருக்கிறது. காலையில் சாப்பிடாததால்தான் என்கிறார். இருக்கலாம். ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியது அவரோ நானோ இல்லை.

சரி, இப்போது மலத்துக்கு வருவோம்.

இதற்கு மருத்துவத்தில் ஃபீக்கல் மைக்ரோபயோட்டா டிரான்ஸ்பிளான்ட் என்று நீளமான பெயர். எஃப்.எம்.டி. என்று சுருக்கிச் சொல்கிறார்கள். புது யோசனை இல்லை. நாலாம் நூற்றாண்டுச் சீனாவில் கோ ஹோங் என்ற மருத்துவர் கடுமையான வயிற்றுப்போக்குக்கு மலக் கரைசலைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். நவீன மருத்துவத்தில் 1958-ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் பென் ஐஸ்மன் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், ஆன்டிபயாடிக்கால் குடல் புண்ணாகிச் சாகக் கிடந்த நாலு பேருக்கு எனிமாவாகக் கொடுத்துப் பார்த்தார். பிழைத்தார்கள். அப்புறம் பல வருஷம் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

2013-ல்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்று ஒரு பாக்டீரியா. நிறைய ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்குக் குடலில் நல்ல பாக்டீரியா எல்லாம் அழிந்துபோன நேரத்தில் இது தலையெடுக்கும். மருந்து கொடுத்தால் அடங்கும், நிறுத்தினால் திரும்ப வரும். ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஆய்வில், இப்படித் திரும்பத் திரும்ப வந்த 16 பேருக்கு நலமுள்ளவர்களின் மலக் கரைசலை மூக்கு வழியாகச் சிறுகுடலுக்குள் விட்டார்கள். ஒரே தடவையில் 13 பேர் குணமானார்கள். மீதி மூன்று பேரில் இரண்டு பேர் அடுத்த தடவையில். வான்கோமைசின் மருந்து மட்டும் கொடுத்த 13 பேரில் குணமானவர்கள் 4 பேர்தான். வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். 2022-லும் 2023-லும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கான இரண்டு தயாரிப்புகளுக்கு அனுமதியே கொடுத்தது. இந்த ஒரு நோய் திரும்ப வராமல் தடுப்பதற்கு மட்டும்.

ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது? திருவாலங்காட்டில் சர்க்கரை ஆலை இருக்கிறது, சுற்றிலும் கரும்பு போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சட்டென்று புரியும். உழுது வெறுமையாகக் கிடக்கிற நிலத்தில் நல்ல கரணையை ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். க்ளாஸ்ட்ரிடியம் நோயாளியின் குடல் அந்த வெறும் நிலம். ஆன்டிபயாடிக் உழுது போட்டுவிட்டது, களை மட்டும் முளைத்திருக்கிறது. என்ன ஊன்றினாலும் பிடிக்கும், பிடித்தது களையை அமுக்கிவிடும். யாருடைய மலம் என்பதுகூட அங்கே பெரிய விஷயம் இல்லை.

ஐ.பி.எஸ். உள்ளவர் குடல் வெறும் நிலம் இல்லை. அங்கே ஏற்கெனவே பயிர் நிற்கிறது. கொஞ்சம் வேறு மாதிரியான பயிர். அதற்கு நடுவில் கொண்டுபோய்ப் புதுக் கரணையைச் செருகினால் பிடிக்குமா, பிடித்தாலும் வலி போகுமா? இதைத்தான் ஆய்வுகள் கேட்டன.

2018-ல் நார்வேயிலிருந்து ஒரு முடிவு வந்தது. 83 பேர். 55 பேருக்கு இன்னொருவர் மலம், 28 பேருக்கு அவரவர் மலத்தையே எடுத்துத் திரும்ப உள்ளே வைத்தார்கள். யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. மூன்று மாதம் கழித்து, இன்னொருவர் மலம் பெற்றவர்களில் 36 பேருக்கு, அதாவது 65 சதவீதத்துக்கு, முன்னேற்றம். நல்ல செய்திதானே? அந்தப் பக்கம் பாருங்கள். தன்னுடையதையே திரும்பப் பெற்ற 28 பேரில் 12 பேருக்கும் முன்னேற்றம். 43 சதவீதம்! ஒன்றுமே மாறவில்லை, ஆனால் வயிறு சரியாகிவிட்டது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது இரண்டு கூட்டத்துக்கும் இடையிலான வித்தியாசம் உறுதியாகச் சொல்ல முடியாத அளவுக்குச் சுருங்கிவிட்டது.

இதை நகை அடகு வைக்க நினைக்கிற ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ள வேண்டும். "பண்ணிக்கிட்டேன், எனக்குச் சரியாயிடுச்சு" என்று யாராவது வீடியோவில் சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. சும்மா உப்புத் தண்ணீரை உள்ளே விட்டிருந்தாலும் அவருக்குச் சரியாகியிருக்கலாம். ஐ.பி.எஸ். தானாகவே ஏறி இறங்குகிற நோய். அக்கறையாகக் கவனித்தாலே பலருக்குக் குறையும்.

அதே 2018-ல் டென்மார்க்கில் மலத்தைக் கேப்ஸ்யூலாக்கிக் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு 25 கேப்ஸ்யூல், 12 நாள். நினைத்துப் பார்க்கவே தொண்டையை அடைக்கிறது. முடிவு என்ன தெரியுமா? வெறும் கேப்ஸ்யூல் சாப்பிட்டவர்களுக்குத்தான் அதிகமாகக் குறைந்தது! இதைவிட முக்கியம் இன்னொன்று. நிஜக் கேப்ஸ்யூல் சாப்பிட்டவர்களின் குடலில் பாக்டீரியா மாறியது, வகைகள் பெருகின, கொடுத்தவருடையதைப் போல ஆனது. ஆக, கரணை பிடித்துக்கொண்டது. நோய் மட்டும் போகவில்லை. அடுத்த வருஷம் அமெரிக்காவில் 48 பேரிடம் கேப்ஸ்யூல் கொடுத்துச் செய்த ஆய்விலும் வித்தியாசம் தெரியவில்லை.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தால், 2020-ல் நார்வேயிலிருந்து மகதி எல்-சல்ஹி என்ற மருத்துவரின் ஆய்வு வந்தது. இவர் வேறு மாதிரி யோசித்தார். பலரிடமிருந்து வாங்காமல், பார்த்துப் பார்த்து ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்தார். 36 வயது ஆண். சுகப்பிரசவத்தில் பிறந்தவர், தாய்ப்பால் குடித்தவர், புகைப்பழக்கம் இல்லை, தவறாமல் உடற்பயிற்சி, வாழ்நாளில் ஆன்டிபயாடிக் குறைவு. சூப்பர் டோனர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவருடைய மலத்தை எண்டோஸ்கோப்பி வழியாகச் சிறுகுடலில் வைத்ததில், 30 கிராம் பெற்றவர்களில் 76.9 சதவீதமும் 60 கிராம் பெற்றவர்களில் 89.1 சதவீதமும் முன்னேறினார்கள். தன்னுடையதையே பெற்றவர்களில் 23.6 சதவீதம்தான். மூன்று வருஷம் கழித்தும் பெரும்பாலோருக்கு அது நிலைத்திருந்தது.

இது பெரிய முடிவு, நான் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே மையம், ஒரே மனிதர். அந்த மனிதரிடம் இருந்தது என்ன, அது எந்தப் பாக்டீரியா, இன்னொருவரிடம் அதை எப்படிக் கண்டுபிடிப்பது, இதற்கெல்லாம் ஒரு பரிசோதனைக் கூடத்திலும் டெஸ்ட் கிடையாது. ஐ.பி.எஸ். என்பதும் ஒரே நோய் இல்லை. தொற்றுக்குப் பின் வந்தவர், மலச்சிக்கலில் தவிக்கிறவர், நரம்பு அதிகமாகச் சீண்டப்பட்டவர் எல்லாரையும் ஒரே பெட்டிக்குள் போட்டு ஒரே மருந்தைக் கொடுத்தால் ஊருக்கு ஊர் முடிவு மாறத்தான் செய்யும். அதனால்தான் அமெரிக்கக் குடல்நோய் மருத்துவர் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஐ.பி.எஸ்.-க்கு எஃப்.எம்.டி. ஆய்வுகளுக்குள் மட்டும் இருக்கட்டும், வழக்கமான சிகிச்சையாக வேண்டாம் என்று சொன்னது. ஆய்வு என்றால் நோயாளியிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குவார்கள், நெறிமுறைக் குழு பார்க்கும், பின்னால் ஏதாவது ஆனால் பொறுப்பேற்பார்கள். சோதனைச் சிகிச்சைக்கு உங்களிடமே லட்சக்கணக்கில் கேட்கிறார்கள் என்றால் அது வேறு விஷயம்.

இந்தியாவில் இது நடக்கவே இல்லையா என்றால், நடக்கிறது, நன்றாகவே நடக்கிறது. ஆனால் பெரும்பாலும் வேறொரு நோய்க்கு, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்கிற பெருங்குடல் புண் நோய்க்கு. அதில் புண் கண்ணுக்குத் தெரியும், ரத்தம் போகும். லூதியானாவில் அஜித் சூட் என்ற மருத்துவர் குழு பல வருஷமாகச் செய்கிறது. டெல்லி எய்ம்ஸில் வினீத் அஹுஜா குழு 2022-ல் வெளியிட்டது எனக்கு ரொம்பப் பிடித்த ஆய்வு. வாரம் ஒரு தடவை வீதம் ஏழு தடவை கொலனோஸ்கோப்பி வழியாகக் கொடுத்தார்கள், கூடவே வீக்கத்தைக் குறைக்கிற உணவுமுறை. 35 பேரில் 21 பேருக்கு நோய் அடங்கியது. வழக்கமான சிகிச்சையில் இருந்த 31 பேரில் 10 பேருக்கு. எது வேலை செய்தது, மலமா உணவா என்று பிரிக்க முடியவில்லை என்பது அதன் குறை.

அந்த மலம் யாருடையது தெரியுமா? கிராமத்துக்காரர்களுடையது. வேண்டுமென்றே கிராமப்புறத்திலிருந்து பலரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் நம் நேயரின் தம்பி சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது!

நியாயம் அவ்வளவுதான். அடுத்ததைக் கேளுங்கள். 2019 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஓர் எச்சரிக்கை விட்டது. ஒரே டோனரின் மலத்தைப் பெற்ற இரண்டு பேருக்கு, பல ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காத ஈ.கோலை பாக்டீரியா ரத்தத்தில் ஏறியது. ஒருவர் இறந்துபோனார். கொடுத்தவருக்கு ஒன்றுமே இல்லை, நல்ல ஆரோக்கியம். அந்தப் பாக்டீரியா அவர் குடலில் சும்மா குடியிருந்தது, அவ்வளவுதான். அதற்கு மட்டும் டெஸ்ட் எடுக்காமல் விட்டிருந்தார்கள். நம்ம நாட்டில் இந்த வகை பாக்டீரியாவைச் சுமந்துகொண்டு ஆரோக்கியமாகத் திரிகிறவர்கள் ஏராளம். கடையில் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் வாங்கித் தின்றதற்கு நாம் கொடுக்கிற விலை அது. தம்பி கல்லைத் தின்று செரிப்பதால் அவர் குடலில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. முறையாகச் செய்கிற இடத்தில் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிஃபிலிஸ், புழு, அமீபா, மருந்துக்கு அடங்காத கிருமிகள் என்று வரிசையாகப் பார்த்து, முக்கால்வாசிப் பேரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். சமையலறை மிக்ஸியில் அதெல்லாம் நடக்காது.

இந்த இடத்தில் எடிட்டிங் பார்க்கிற தம்பி கேட்டான், "அப்ப கடையில விக்கிற ப்ரோபயாடிக் குடிச்சா போதாதா?" என்று. குடலில் நூற்றுக்கணக்கான வகைகள் இருக்கின்றன, பாட்டிலில் ஒன்றிரண்டுதான். சிலருக்குக் கொஞ்சம் உதவுகிறது. ஒரு மாதம் பார்த்துவிட்டுப் பலனில்லை என்றால் நிறுத்திவிடலாம்.

எனக்கென்னவோ புது ஆளைக் கொண்டுவந்து குடியேற்றுவதைவிட, இருக்கிறவர்களுக்கு ஒழுங்காகச் சோறு போடுவதுதான் முதலில் செய்ய வேண்டியது என்று தோன்றுகிறது. இதற்கும் வேலூர்தான் உதாரணம். 2000-ஆம் வருஷம் சி.எம்.சி.-யிலிருந்து பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவின் ஆய்வு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. காலராவில் வந்த 48 பேர். சிலருக்கு வழக்கமான உப்பு சர்க்கரைக் கரைசல், சிலருக்கு அதோடு அரிசி மாவு, சிலருக்கு அதோடு எளிதில் செரிக்காத ஒரு மக்காச்சோள மாவு. செரிக்காத மாவு குடித்தவர்களுக்குத்தான் பேதி சீக்கிரம் நின்றது. காரணம் பாக்டீரியா. சிறுகுடலில் செரிக்காத மாவு பெருங்குடலுக்கு இறங்குகிறது, அங்கே இருக்கிற பாக்டீரியா அதைத் தின்று சில அமிலங்களை உண்டாக்குகிறது, அந்த அமிலங்கள் குடல் சுவரை உப்பையும் தண்ணீரையும் உறிஞ்ச வைக்கின்றன. யாருடைய மலமும் தேவைப்படவில்லை. சோற்றை ஆறவைத்தாலும் இந்த மாதிரி மாவு கொஞ்சம் உண்டாகும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பழைய சோற்றை வைத்தே ஓர் ஆய்வை எடுத்திருக்கிறார்கள். அதற்காகப் பழைய சோறு ஐ.பி.எஸ்.-ஐக் குணமாக்கும் என்று வாட்ஸாப்பில் அனுப்பிவிடாதீர்கள், காலரா வேறு, இது வேறு.

ஐ.பி.எஸ்.-க்கு உருப்படியாகப் பலன் கண்டவை சாதாரணமானவை. இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பார்ப்பது, தயிர் பலருக்கு ஒத்துக்கொள்ளும். இசப்கோல் உமியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. அப்புறம் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய உணவுமுறை. வெங்காயம், பூண்டு, கோதுமை, பயறு, பால் மாதிரி குடலில் போய் நுரைக்கிற பொருள்களைச் சில வாரம் விலக்கிவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது வம்பு செய்கிறது என்று கண்டுபிடிப்பது. அரிசிச் சோறு இதில் நல்ல பிள்ளை. வெங்காயம், பூண்டு, பருப்பு இல்லாமல் நம்ம வீட்டுச் சமையலில் என்ன மிஞ்சும் என்று கேட்பீர்கள். கஷ்டம்தான். அதனால்தான் உணவு ஆலோசகர் துணையோடு செய்யச் சொல்கிறார்கள். வாழ்நாள் முழுக்க விலக்குவதற்கு இல்லை.

மருந்தில், அமிட்ரிப்டிலின் என்ற பழைய, விலை மலிவான மாத்திரை. இங்கிலாந்தில் 463 பேரிடம் செய்து 2023-ல் லான்செட்டில் வந்த ஆய்வில், 10 முதல் 30 மில்லிகிராம் என்ற சின்ன அளவிலேயே வெறும் மாத்திரையைவிட நன்றாக வேலை செய்தது. மனச்சோர்வுக்கு இதை இன்னும் அதிக அளவில் கொடுப்பார்கள். அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு "எனக்கென்ன பைத்தியமா" என்று கிழித்துப் போட்டவர்களை எனக்குத் தெரியும். முன்னே சொன்னேனே, நரம்பில் வால்யூம், அதைத்தான் இது குறைக்கிறது. டாக்டர் எழுதாமல் கடையில் வாங்கிப் போடுகிற மாத்திரை இல்லை.

நம் நேயருக்கு நான் சொன்னது இதுதான். ஆறு கிலோ எடை குறைந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின், பி12, தைராய்டு, சீலியாக் டெஸ்ட், மலத்தில் கால்புரோடெக்டின் என்ற டெஸ்ட், இவை பார்க்கப்பட்டதா என்று கேளுங்கள். இல்லையென்றால் சென்னையிலோ வேலூரிலோ குடல்நோய்ப் பிரிவு இருக்கிற ஒரு மருத்துவமனைக்குப் போய்வாருங்கள். போவதற்கு முன் இரண்டு வாரம், எப்போது போனீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், வலி எப்படி என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். எல்லாம் பார்த்த பிறகும் ஐ.பி.எஸ்.தான் என்றால், முறையான ஆய்வில் சேர வாய்ப்பு வந்தால் சேரலாம், காசு கொடுத்து வேண்டாம்.

வேலூர் போவதாக முடிவு செய்திருக்கிறார். அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது, "அரக்கோணத்துல மாறி எக்ஸ்பிரஸ்ல போனா அதுல பாத்ரூம் இருக்கும்ல அண்ணா?" இருக்கும் என்று சொன்னேன்.

ரிப்போர்ட் வந்ததும், அவர் சம்மதித்தால், அடுத்து ஒரு எபிசோடில் சொல்கிறேன். உங்களுக்கும் இப்படிக் கேட்கக் கூச்சப்படுகிற கேள்வி இருந்தால் வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள், பெயர் சொல்ல வேண்டியதில்லை.